கேக்கில் குத்திய கொடி

டென்மார்க்கில் கேக்கின்மேல் தேசியக் கொடி குத்துவார்கள். பல்லுக்குச்சியில் ஒட்டிய சிறு காகிதக் கொடி. பிறந்தநாளுக்கும் அதுதான், ஒருவரை வேலையிலிருந்து வழியனுப்பும் நாளுக்கும் அதுதான். புதிதாக வந்தவருக்கு வித்தியாசம் தெரியாது.

இக்காஸ்ட் நகருக்கு அருகே ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தில் ஆட்டக்காரர்களின் உடுப்புத் தோய்ப்பது என் வேலை. பயிற்சியாளர் மார்க்கோ இத்தாலியர். பின்வரிசையில் தடுத்தாடியே இடது முழங்காலைத் தொலைத்தவர். நாங்கள் அரைகுறை டேனிஷில் பேசிக்கொள்வோம். ஆட்டக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைக்க, நான் மட்டும் ‘சேர்’ என்பேன். அது அவருக்குப் பிடிக்கும். பின்பக்கமாக ஓடுவதைத்தான் அவர் முதலில் பழக்கினார்: முகம் பந்தைப் பார்த்திருக்க, கால்கள் சொந்தக் கோலை நோக்கிப் போகவேண்டும். “ஏன்?” என்று கேட்டார்கள். தன் பயிற்சியாளரிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டிராத மார்க்கோ கத்தினார். இங்கே கத்துகிறவரோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. அவரில்லாமல் கூட்டம் வைப்பார்கள்.

மார்க்கோவின் ஒப்பந்தம் நீண்டால் அவர் மனைவியும் மகளும் இத்தாலியிலிருந்து வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்ட அறையின் கண்ணாடிக்கு அப்பால் கொடிகளோடு கேக்கைக் கண்டார்.

“நீட்டிவிட்டார்கள், பார்!” என்றார்.

எனக்குத் தெரியும். முன்பு நான் வேலை செய்த இக்காஸ்ட் துணி ஆலை மூடிய அன்றும் இப்படித்தான் கேக் வைத்தார்கள். நான் இரண்டாம் துண்டை எடுத்தபோது, பக்கத்துத் தறிக்காரர் சிவம் அண்ணை காதில் சொன்னார்: “மெதுவாத் தின்னடா, இது எங்கட செத்தவீட்டுச் சாப்பாடு.”

துவாய்களைச் சுமந்தபடி நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மார்க்கோ மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, பெட்டி கட்டச் சொல்லிவிட்டார். பிறகு உள்ளே போனார். கோப்பி ஊற்றிக் கொடுத்து, சிரித்த முகத்தோடு நன்றி சொல்லி, ஒப்பந்தம் முடிந்தது என்ற கடிதத்தை நீட்டினார்கள்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: “தெரிஞ்சும் ஏனப்பா வாய் திறக்கேல்லை?”

“அந்தாள் சிரிச்சுக்கொண்டு நிண்டது.”

“ஓம், இனி அந்த மனுசி அழட்டும்.”

திங்கட்கிழமை மார்க்கோவை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மேடையில் நின்று கேட்டார்:

“அது என்ன கேக் என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியும், சேர்.”

பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ரயில் பெட்டியில் இருக்கைகள் பல காலியாக இருந்தன. அவர் பின்னோக்கிய இருக்கையில் அமர்ந்தார். நான் கை காட்டினேன், அவர் காட்டவில்லை. முகம் ஊரைப் பார்த்திருக்க, வண்டி அவரைப் பின்பக்கமாகக் கொண்டுபோனது.