சில்லருகே நடந்தவர்

எம் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்தவரை "அவர்" என்று எழுதுவது முறையோ என உறவினர் சிலர் ஐயுறக்கூடும். எனக்குப் பின் வந்தவர் எனக்கு முன் போய்விட்டார். அவ்வகையில் அவரே எனக்கு மூத்தவர். ஆதலால் இந்நினைவு மலரில் தம்பியை அவர் என்றே எழுதுகிறேன். ஐயத்தைச் சொல்லித் தொடங்கியதும் அவருக்குப் பொருத்தமே. எதையும் எளிதில் நம்பாதவர் அவர்.

தம்பி சுன்னாகத்தில் பிறந்தார். தந்தையார் அவரைப் படிப்பிக்க விரும்பினார்; அவரோ பாடசாலையை இடையில் விட்டு, யாழ்ப்பாணத்து வெங்காயத்தை மலைநாட்டுக்கு ஏற்றிச் செல்லும் பாரவூர்தியொன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். கிளீனர் என்பார்கள். ஏற்றத்திலோ இறக்கத்திலோ வண்டி நின்றால், குதித்தோடிச் சக்கரத்தின், எங்கள் பேச்சில் சில்லின், அடியில் மரக்கட்டை வைப்பது அவர் கடன். ஒரு முறை கண்டி வீதியில் ஓட்டுநர், "பிறேக் இழுத்திருக்கு, கட்டை வேண்டாம், வாடா தேத்தண்ணி குடிப்பம்" என்று வீதியோரக் கடைக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் தேநீரை வாயில் வைக்கும் முன் வண்டி ஆளின்றிப் பின்னோக்கி உருண்டு, அக்கடையின் சுவரை இடித்து நின்றது. ஒருவருக்கும் தீங்கில்லை. ஆயினும் அன்று முதல் தம்பி எந்தப் பூட்டையும் எந்தப் பிடியையும் பிறர் சொல்கேட்டு நம்பியதில்லை.

நாட்டுநிலை குலைந்தபோது இருவரும் யேர்மனிக்கு வந்தோம். ஏதிலியர் விடுதியின் நெருக்கடியையும், வேலை செய்ய இசைவின்றிக் கழிந்த காலத்தையும் அவர் முறையிடாமல் பொறுத்தார். பின்னர் ஹனோவர் நகருக்கு வெளியே, பெரும்பாரம் இழுக்கும் நிறுவனமொன்றின் முற்றத்தில் ஊர்திகளைக் கழுவி நெய்யிடும் வேலை கிடைத்தது. திருமணமும் ஆயிற்று. அங்கே எவால்ட் என்னும் முதிய ஓட்டுநரோடு பழக்கமாயிற்று. எவால்ட் ஓய்வுபெற்றதும், ஞாயிறுதோறும் தமது தானியக் கொட்டிலுக்கு வருமாறு தம்பியை அழைத்தார். அங்கே, பாலைநிலத்து எண்ணெய்க் கிணறுகளுக்கு இரும்புக் குழாய் சுமக்கவெனப் பிரெஞ்சுக்காரர் முன்னாளில் ஆக்கிய நெடுமூக்குப் பாரவூர்தியொன்று துருவேறிக் கிடந்தது. எவால்டும் நண்பர் சிலரும் அதற்கு உயிர்கொடுக்க முனைந்திருந்தனர்.

எனக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. வெளிநாட்டார் விடுதிகளுக்குத் தீ வைக்கப்பட்ட காலம் அது. பழைய இரும்பை ஞாயிற்றுக்கிழமைகளில் தடவிக்கொடுக்கும் வெள்ளையர் கூட்டத்துக்கு எங்கள் பிள்ளை எதற்கு?

"அந்த ஆக்கள் உன்னை ஏன் கூப்பிடுகினம்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை அண்ணை. நானும் அவையை நம்பேல்லை. அதுதான் ஒவ்வொரு கிழமையும் போய்ப் பாக்கிறன்."

எம்மவருக்கோ வேறோர் ஐயம். தமிழர் ஒருவரும் பிரெஞ்சுப் பாரவூர்தி ஒன்றும் ஓரிடத்தில் இருந்தால் அக்காலத்தில் அதற்கு ஒரே பொருள்தான். ஒரு மாலை, அறிமுகமில்லாத அன்பர் ஒருவர் பழக்கூடையோடு, ஊரில் ஆசிரியராக இருந்த என் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்ரர், உங்கட தம்பி பாரிசுக்குக் களவா ஆள் ஏத்துறாராம். என்ர மச்சான் ஒருத்தன் நிக்கிறான். மெலிஞ்ச ஆள்தான், இடம் பிடிக்கமாட்டான்."

"அந்த வண்டிக்கு எஞ்சினே இல்லை, தம்பி. கழட்டி நிலத்திலை வைச்சிருக்கு."

"ஓம் ஓம்," என்று கண் சிமிட்டினார். "நீங்கள் அப்பிடித்தானே சொல்லவேணும்."

கூடையை அவர் திருப்பி எடுக்கவில்லை. நான் அதிலிருந்து ஒரு பழமும் உண்ணவில்லை. தம்பியிடம் சொன்னபோது, "எஞ்சின் பூட்டின பிறகும் அது பாரிசுக்குப் போய்ச் சேருமெண்டு எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார்.

இயந்திரம் பூட்டப்பட்டது. ஆண்டுகள் சில கழிந்தன. பழைய பாரவூர்தி விரும்புவோர் கூடும் கோடைத் திருநாள் ஒன்றில், கரையான் புற்றுப்போல் உயர்ந்த பழைய நீராவிக் கொதிகலனை அந்நெடுமூக்கு வண்டியின் பின்னே பூட்டிய இழுவையில் ஏற்றி, குன்றிலிருந்து கீழே மக்கள் நிற்கும் திடலுக்கு இறக்குவதென முடிவாயிற்று. அன்று ஓட்டுநர் இருக்கை தம்பிக்கு என்று எவால்ட் வாக்களித்திருந்தார். தம்பி அதற்காக எத்தனை ஞாயிறுகள் காத்திருந்தார் என்பதை அவர் துணைவியார் அறிவார். முதல்நாளே தம்பி சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். "நீங்களும் ஒருக்காப் போங்கோ, தனிய விடாதேங்கோ" என்று அவ்வம்மையார் கேட்டதால் நானும் சென்றேன். எவரோடும் பேசாமல் குடையோடு நின்றேன்.

தம்பி ஏறினார். பிறேக்கை மிதித்தார், செவிகொடுத்தார், மீண்டும் மிதித்தார். பின் இறங்கிவிட்டார்.

"இறக்கத்திலை இதை நான் ஓட்டமாட்டன்" என்று அவர்கள் மொழியில் சொன்னார்.

"என்ன பிழை?" என்றார் எவால்ட்.

"தெரியாது. நம்பிக்கை இல்லை."

அவர்கள் வண்டியின் கீழே படுத்துப் பார்த்தனர். பிழை ஏதும் அகப்படவில்லை. ஒருவர், "பயந்துபோனான்" என்றார்; சிலர் சிரித்தனர். எவால்டின் முகம் சிவந்தது. தாமே ஏறி அமர்ந்தார். இத்துடன் தம்பிக்கு அந்தக் கொட்டிலின் கதவு அடைபட்டது என்றே நான் எண்ணினேன். உள்ளூர எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

தம்பி வீட்டுக்குப் போகவில்லை. மரக்கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இழுவையின் பின்சில்லருகே போய் நின்றார். வண்டி நகர்ந்தது, அவரும் நடந்தார். கண்ணைச் சில்லில் வைத்தபடி, தேய்த்த சட்டை வேர்வையில் நனைய, குன்றின் அடிவரை அதனோடு இறங்கினார். இருமருங்கும் நின்றவர்கள் கைதட்டினர், ஏளனமாகத்தான். வண்டி பிழையின்றித் திடலை அடைந்து நின்றது. தம்பி குனிந்து கட்டையை வைத்து, காலால் தட்டிப் பார்த்து, அதன் பின்னரே முகத்தைத் துடைத்தார்.

"என்ன, உன்ர ஐயம் பிழையாப் போச்சே?" என்றேன்.

"பிழையாப் போனது நல்லதுதானே அண்ணை. சரியா வந்திருந்தா?"

எவால்ட் இறங்கி வந்தார். "வரும் வழியெல்லாம் பக்கக் கண்ணாடியில் உன்னையே பார்த்துக்கொண்டு வந்தேன்" என்று தம்பியிடம் சொன்னார். அதன்பின் தம்பி ஓட்டுநர் இருக்கையைக் கேட்கவில்லை. அவர் சில்லருகே வந்து நிற்கும்வரை எவால்ட் இறக்கத்தில் வண்டியை எடுக்கவுமில்லை.

நோய் வந்தபோது தம்பி மருத்துவரையும் நம்பவில்லை. மருந்தை மட்டும் தவறாமல் உட்கொண்டார். கடைசி நாள்களில் ஒரு பிற்பகல், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி என்னை அழைத்தார்.

"அண்ணை, கட்டில் சில்லுக்குப் பூட்டுப் போட்டிருக்கோ?"

"தாதி போட்டவ."

"அவ போட்டவதான். நீங்கள் பாத்தனீங்களோ?"

நான் குனிந்து நான்கு சில்லுகளையும் பார்த்தேன். பூட்டியிருந்தன. சொன்னேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

அவரைப் பேணிய மருத்துவர்க்கும் தாதியர்க்கும், கிரியைகளை நிறைவேற்றிய குருக்கள் ஐயாவுக்கும், உணவு சமைத்துச் சுமந்துவந்த அயலவர்க்கும், தொலைவிடங்களிலிருந்து வந்து துயர் பகிர்ந்த உற்றார் அனைவர்க்கும் எம் குடும்பத்தின் நன்றி உரியது.

இன்னொருவர் உளர். தகனச் சாலையின் வாயிலுக்கு அந்நெடுமூக்குப் பாரவூர்தி அழைப்பின்றி வந்தது. இங்கும் வேடிக்கை காட்ட வந்தனரோ என்று சினந்து வெளியே சென்றேன். தெரு சிறிதே சரிந்திருந்தது. எவால்ட் இறங்கினார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை, எவரையும் பார்க்கவுமில்லை. நேரே பின்சில்லருகே போய், முதுமையோடு முழந்தாளிட்டு மரக்கட்டையை வைத்தார். எழுந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு என் தனி நன்றி.

நான் சற்றே பின்தங்கினேன். கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு நானும் உள்ளே போனேன்.