ரமோன் பந்தைத் தொடாத சனிக்கிழமை

காலை 11.10. லண்டனில், ஸ்ட்ரெதம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே எனக்கு எரிச்சல். மதுரையிலிருந்து வந்து நான்கு நாள். நல்ல வெயில் அடித்த ஒரே நாளை இங்குள்ள தமிழ்ச் சங்க விளையாட்டு விழாவில் தொலைக்க வேண்டியதாயிற்று. கையில் இருந்த வெந்நீருக்கு டீ என்று பெயர், இரண்டு பவுண்டு எண்பது பென்ஸ். என்னைத் தங்கவைத்திருந்த சிவம் அண்ணன் விடவில்லை. "என்ர மச்சான் இண்டைக்கு விளையாடுறார், தம்பி. இனி அவருக்கு ஏலாது. வாரும்."

அந்த மச்சான் எதிர் சீட்டில் இருந்தார். பெயர் ரமோன், பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பத்திரண்டு வயது. முதியோர் இல்ல வேலைக்கு லண்டன் வந்தவர், அங்கே நர்ஸாக இருந்த சிவம் அண்ணனின் தங்கையைக் கட்டிக்கொண்டார். ஃபாரிங்டனில் வண்டி மாறி செவன் கிங்ஸ் போவதற்குள், பாதி ஆங்கிலம் பாதி யாழ்ப்பாணத் தமிழில் தன் கதையைச் சொன்னார். மணிலாவில் சந்து முனைக் கம்பத்தில் அடித்த இரும்பு வளையம், ரப்பர் செருப்போடு ஆட்டம். கூடைப்பந்தாலேயே கல்லூரியில் இடம், பிறகு தொழில்முறை அணியில் ஏழு சீசன். அவரிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்காத கடைகள் உண்டாம். முழங்கால் பிய்ந்ததும் அணி அவரைக் கழற்றிவிட்டது. அதை நேரில் சொல்லக்கூட ஆள் வரவில்லை; லாக்கரில் இருந்த சாமானைப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள். படுபாவிகள்!

வரும் செவ்வாய்க்கிழமை முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு ஓட்டமும் இல்லை, குதிப்பும் இல்லை.

"நான் விளையாடி மகள் ஒருநாளும் பாக்கேல்லை," என்றார் ரமோன். "இண்டைக்குப் பத்து நிமிஷம் போதும்."

மதியம் 1.00. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் அரங்கு. நான்கு மணிவரைதான் வாடகை. ரமோனின் மகள் அமலா, நர்சிங் மாணவி, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அழைப்பிதழில் 'இரண்டு மணிக்கு ரமோன் அவர்களின் காட்சி ஆட்டம்' என்று இருந்தது. ஆனால் ஆட்டத் தரையின் நடுவிலேயே மேடை, சுற்றிலும் நாற்காலி.

"ரமோன் எங்க விளையாடுவாரு, சார்?" என்று சங்கச் செயலாளரைக் கேட்டேன்.

"அதெல்லாம் பிறகு ஒதுக்கலாம், ஐயா. முதல்ல சபை ஒழுங்கு."

சபை ஒழுங்காம்! விளக்கேற்றல், இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை. சமோசா தந்தவருக்குப் பொன்னாடை. மைக் தந்தவருக்குப் பொன்னாடை. பொன்னாடைகளை வாங்கித் தந்தவருக்கும் ஒரு பொன்னாடை! 2.40க்கு ரமோனுக்கும் ஒன்றைப் போர்த்தி, மறுபடி உட்காரவைத்தார்கள். கோட்டுக்குள் ஜெர்சியோடு அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சிவம் அண்ணன் எழுந்துபோய்க் கத்தினார்: "மனுசன் விளையாடவெல்லோ வந்தவர்!"

"இன்னும் ரெண்டு பேர்தான், அண்ணை," என்றார் செயலாளர்.

முதலாமவர் முடிக்கவே 3.25 ஆனது. இரண்டாம் ஆள் நான். இந்தியாவிலிருந்து வந்த எழுத்தாளர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று மைக்கை நீட்டினார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ரமோனின் கதையை இவர்களுக்கு உறைக்கிற மாதிரி சொல்கிறேன் பார் என்று எனக்கு வீம்பு. செருப்பு, வளையம், வாசலில் வைத்த பை, எல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள், தட்டத் தட்ட நீட்டினேன். இறங்கும்போது 3.45.

மேடையையும் நாற்காலிகளையும் ஒதுக்கி முடிக்க 3.58. ரமோன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அரங்கக் காவலர் வந்து பாதி விளக்கை அணைத்தார். அடுத்த வாடகைக்காரர்கள் யோகா பாய்களோடு வாசலில் நின்றார்கள். காவலர் மேல் குற்றமில்லை. பந்து இன்னும் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

"நல்லாப் பேசினீங்கள், அங்கிள்," என்றாள் அமலா. "ஆனா நான் அப்பாவைப் பற்றிக் கேக்க வரேல்லை. அவர் விளையாடுறதைப் பாக்க வந்தனான்."

புதன்கிழமை ஊர் திரும்பினேன். மதுரையில் என்றால் ஆறு மணி ஆனாலும் அரங்கைப் பூட்டியிருக்க மாட்டார்கள், பேசித் தீர்த்த பிறகாவது ஆடியிருப்பார் என்று விமானத்தில் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வெட்கங்கெட்ட சமாதானம். இறங்கியதும் சிவம் அண்ணனின் செய்தி: அறுவை நல்லபடி முடிந்ததாம். கூடவே விழா வீடியோ. என் பேச்சு பதினெட்டு நிமிஷம், ஒரு வெட்டும் இல்லாமல் இருக்கிறது. அதில் ரமோன் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார்.