மூன்று எண்ணினால் வளைவு

நான் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். ஒரே கேள்விக்கு ஒரு நாளில் முந்நூறு தடவை பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நீண்டுவிட்டது என்பான் என் அண்ணன். இருக்கட்டும். அந்த வாயை ஐந்தே ஐந்து நிமிடம் கட்டிக்கொண்டு நான் நின்ற கதையைத்தான் சொல்லப் போகிறேன். கதை என்னுடையது இல்லை, என் அண்ணியுடையது.

அண்ணிக்குப் பல்செட் செய்யும் தொழில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, மாடியறையில் மெழுகு செதுக்கி, பிசின் வார்த்து, அரைத்து மெருகேற்றுவார். எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் மென்று விழுங்குவது அண்ணியின் புண்ணியத்தில். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் தன் ரிமோட் காரைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கத் தாங்கி உடைந்திருந்தது, ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். அண்ணி ஒட்டவில்லை. ஈறு செய்யும் ரோஸ் நிறப் பிசினில் புதிதாகவே ஒன்றை வார்த்துக் கொடுத்துவிட்டார். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோய், ரேஸ் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார். அன்றைக்குப் போனவள் இன்னும் வீடு திரும்பவில்லை என்று அண்ணன் இப்போதும் சொல்வான்.

பொம்மைக் கார்தானே என்று நானும் ஒரு காலத்தில் கேலி பேசியவள்தான். முழங்கை நீளக் கார். ஆனால் சக்கரத்துக்குச் சக்கரம் தனி ஸ்பிரிங், தனி எண்ணெய்க் குழாய். எண்ணெய் கொஞ்சம் கெட்டியானால் பின்பக்கம் அடங்கிப் போகும், நீர்த்தால் துள்ளும். மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் சரியாகக் கடிக்கிறதா என்று நடுவில் காகிதம் வைத்துப் பார்ப்பது அண்ணியின் தொழில். மோட்டாரின் பல்சக்கரம் பெரிய சக்கரத்தோடு சேரும் இடத்திலும் அதே காகிதத் துண்டை விட்டுத்தான் இடைவெளி பார்ப்பார். டிராக்கில் எல்லோருக்கும் அவர் 'பல் அக்கா'. இரண்டு தடவை கோப்பை வாங்கியிருக்கிறார். இரண்டும் அடுப்படியில் கரண்டி போட்டு வைக்க உதவுகின்றன.

போன வருடம் அண்ணியின் கண் மங்கியது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டால் பல் வேலை ஓடிவிடும். தூரத்தில் இருப்பதுதான் கலங்கிப் போயிற்று. உள்ளே நரம்பில் கோளாறு, இனி மோசமாகாது, ஆனால் போனது திரும்பியும் வராது, கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ரேஸ் ஓட்டுகிறவர்கள் மேடையில் வரிசையாக ரிமோட்டோடு நிற்பார்கள், கார்கள் கீழே ஓடும். மேடைக்கு எதிரே, எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கும் வளைவு அண்ணிக்குத் தெரியவே இல்லை. ஒரே நாளில் மூன்று தடவை அங்கே பலகையில் மோதினார். மூன்றாம் தடவை கார் எகிறி, அங்கே நின்ற ஒருவரின் முழங்காலைப் பதம் பார்த்தது.

ரேஸ் நடத்தும் கிளப்பின் செயலாளர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். அண்ணி அவரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, நாளைக்கு யாருக்காவது கால் ஒடிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல ஓட்டுங்க. அந்த வளைவுல ஒரு தடவை இடிக்கலாம், எல்லாரும் இடிக்கிறதுதான். ரெண்டாவது தடவை இடிச்சா ரிமோட்ட வச்சிட்டு வேடிக்கை பாக்க வாங்க. நானே நாற்காலி போட்டுத் தரேன்."

"நாற்காலிய நீங்களே வச்சுக்கோங்க," என்றார் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் காரைப் பிரித்துப் போட்டார். இருபத்தாறு நாள் மாடியறையில் பல்லும் காரும் ஒன்றாகக் கிடந்தன. ஊசிக்குழலால் எண்ணெய் அளந்தார், ஸ்பிரிங் மாற்றினார், பின் சக்கரங்களை இம்மியளவு உள்நோக்கித் திருப்பினார், மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார்.

"எல்லாரும் வேகத்தக் கூட்டுவாங்க, நீங்க குறைக்கிறீங்களே அண்ணி."

"எனக்கு வேகம் அப்புறம். ஒவ்வொரு சுத்தும் ஒரே மாதிரி வரணும், அதான் முதல்ல. கடைசி வளைவுக்கு முன்னால இருக்கிற மஞ்சப் பலகை வரைக்கும் எனக்குத் தெரியுது. அதத் தாண்டினதும் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணித் திருப்புவேன். கார் அச்சு மாறாம ஒரே வேகத்துல போனா, கண்ணு எதுக்கு?"

பிறகு வீடே எண்ண ஆரம்பித்தது. படி ஏறும்போது ஒண்ணு ரெண்டு மூணு, துணி உலர்த்தும்போது ஒண்ணு ரெண்டு மூணு. ஒருநாள் அண்ணன் சாப்பிடும்போதே மூன்று எண்ணித் தண்ணீர் டம்ளரைத் திருப்பினான். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கு வந்தது.

கவிழ்ந்த காரை நிமிர்த்திவிட ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஃபைனலில் அந்த ஆளை ஓட்டுகிறவரே கூட்டி வர வேண்டும் என்பது கிளப் வழக்கம். அண்ணி என்னைக் கேட்டார். அதுவும் அந்தக் கடைசி வளைவுக்கு.

"கார் இடிச்சா உன் கால்லதான் இடிக்கணும். அப்பதான் நான் ஒழுங்கா ஓட்டுவேன்."

"ஏன், என் மேல அவ்வளவு பாசமா?"

"உன் வாய்க்குப் பயம்."

சரி, இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். டயருக்கு ஒரு எண்ணெய் உண்டு. ஓடுவதற்கு முன் அதைத் தடவி, சூடேறும் பட்டையைச் சுற்றி வைத்தால் ரப்பர் இளகித் தரையைக் கவ்வும். பன்னிரண்டு நிமிடம் வை, பிறகு எடுத்து மாட்டு என்று சொல்லிவிட்டு அண்ணி மேடைக்குப் போனார். பக்கத்து மேஜைக்காரர் தன் டயரை இருபது நிமிடம் வைத்திருந்தார். நன்றாகக் கவ்வட்டுமே, கண் தெரியாதவருக்கு உதவியாக இருக்குமே என்று நானும் இருபது வைத்தேன். கேட்டேனா? கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் இல்லையா நான்.

எட்டுக் கார்கள், ஐந்து நிமிடம். செயலாளர் காகிதமும் பேனாவுமாக என் பக்கத்திலேயே வந்து நின்றார். கொடி அசைந்தது.

முதல் சுற்றிலேயே அண்ணியின் கார் மஞ்சள் பலகையைத் தாண்டிச் சீறி வந்து, திரும்பாமல் நேரே என் காலடிப் பலகையில் மோதிக் கவிழ்ந்தது. எடுத்து நிமிர்த்தினேன். டயர் விரலில் பிசினாக ஒட்டியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டயர் அதிகமாகக் கவ்வியதால் முந்தைய வளைவை வழுக்காமல் கடந்து, கார் வழக்கத்தைவிட வேகமாக வருகிறது. அவர் மூணு என்று எண்ணி முடிப்பதற்குள் பலகை வந்துவிடுகிறது. இருபத்தாறு நாள் கட்டிய கணக்கை எட்டு நிமிடத்தில் நான் கெடுத்துவிட்டேன்.

செயலாளர் ஒரு கோடு போட்டார்.

"இருபது வச்சிட்டேன் அண்ணி" என்று கத்த நாக்கு துடித்தது. டிராக்கில் நிற்பவர் தன் ஆளுக்குக் குரல் கொடுத்தால் அந்த ஓட்டமே செல்லாது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் எனக்குப் பாரமாக இருந்தது.

இரண்டாம் சுற்றில் அண்ணி ஊர்ந்து வந்தார். எல்லாக் கார்களும் அவரைத் தாண்டிப் போயின. மேடையில் யாரோ சிரித்தார்கள், யாரென்று பார்த்து வைத்துக்கொண்டேன். மூன்றாம் சுற்றில் கொஞ்சம் வேகம். நான்காவதில் சீக்கிரமே திருப்பி, உள்பக்கக் கரையில் சக்கரம் உரசியது. என் கண் நல்ல கண், மேடையில் அண்ணியின் உதடு அசைவது தெரிந்தது. ஒண்ணு, ரெண்டு, திருப்பு. ஐந்தாம் சுற்றில் கார் வளைவை வழித்துக்கொண்டு போனது. ஆறிலும் அப்படியே. ஏழாவதில் ஒரு காரைத் தாண்டினார்.

கடைசிக்கு முந்தைய நிமிடத்தில் டயரின் பிடிப்பு தளரத் தொடங்கியது. கார் மெல்ல மெல்லப் பழைய வேகத்துக்கு இறங்கியது. இனி ரெண்டில் திருப்பினால் கரையில் ஏறும். நான் மனத்துக்குள் மூணு, மூணு என்று கெஞ்சினேன். அண்ணி தலையைச் சாய்த்து மோட்டார் சத்தத்தைக் கேட்டார். அடுத்த தடவை அவர் உதடு மூன்று முறை அசைந்தது. கார் என் காலிலிருந்து ஒரு சாண் தள்ளித் திரும்பியது.

எட்டுப் பேரில் ஏழாவது. காகிதத்தில் ஒரே ஒரு கோடு. செயலாளர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"அடுத்த மாசம் பேரு எழுதிக்கிறேன் அக்கா," என்றார்.

அவர் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணி, தப்பு என்னுது. டயர இருபது நிமிஷம் வச்சிட்டேன். என்னை நாலு திட்டு திட்டுங்க."

அண்ணி காரைத் தூக்கி, கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துத் தேய்மானத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"வேகமா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அடுத்த மாசமும் இருபதே வை. நான் ரெண்டு எண்ணிப் பழகிக்கிறேன்."