கட்டம்போட்ட சட்டையும் மூன்று பாக்கெட் வாசனையும்

எங்கள் வீட்டில் அப்பாவின் துணிகளை அப்பாதான் துவைப்பார். அம்மாவைத் தொடவிட மாட்டார். சேலையூரில் எங்கள் தெரு ஆண்களில் பலர் தங்கள் கைக்குட்டையைக்கூட அலசி அறியாதவர்கள் என்பதால், அம்மாவுக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பா விடிவதற்குள் கோவளம் போய் மீன் எடுப்பார். பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம் வந்ததும் நேராக மொட்டை மாடிக்குப் போவார். அங்கே அவருக்கென்று ஒரு நீல வாளி உண்டு. பச்சைத் தண்ணீரில் மூன்று தடவை அலசிய பிறகுதான் சோப்பு. அப்புறம் எலுமிச்சைத் தோல் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மாடியின் அந்தக் கோடியில் தனிக் கொடியில் காயப்போடுவார். என் யூனிஃபார்ம் இந்தக் கோடியில் காயும். கோயிலுக்கும் விசேஷத்துக்கும் போட ஒரு கட்டம்போட்ட சட்டை வைத்திருந்தார். அதை மீன் சட்டைகளோடு ஒருநாளும் சேர்க்க மாட்டார்.

நான் ஆறாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தேன். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குத் தானே வருவதாக அப்பா சொல்லிவிட்டார். எங்கள் பைக் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன். அதை இப்போது மறைப்பானேன்.

முந்தின நாள் வியாபாரம் முடித்துச் சாயங்காலம்தான் வந்த அப்பா, மீன் சட்டைகளை வாளியில் ஊறப்போட்டுவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. பீரோவிலிருந்து கட்டம்போட்ட சட்டையை எடுத்து அதே வாளியில் அமுக்கினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக மணக்கவைத்துவிடுவது என் திட்டம். எண்ணெய்ப் பாத்திரத்துக்கே வெந்நீர்தான் சரி என்று அம்மா சொல்வாளே என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். கடைசியில், கடையில் வாங்கிவந்த ரோஜா மணத் துணி வாசனைத் திரவம் மூன்று பாக்கெட்டையும் கவிழ்த்து, அலசிப் பிழிந்து கொடியில் போட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. காலையில் கொடியிலிருந்து எடுத்த கட்டம்போட்ட சட்டையில் ரோஜாவும் மீனும் ஒன்றாக அடித்தன. ரோஜாதான் கொஞ்சம் பின்வாங்கியிருந்தது.

"எதுக்குடி அப்பா சட்டையில கை வச்ச?" என்றாள் அம்மா.

"மீட்டிங்ல மீன் வாசன வரக்கூடாதுன்னுதாம்மா."

சொல்லிவிட்டுத் திரும்பினால், கதவருகே அப்பா நின்றுகொண்டிருந்தார். புதிதாக வெட்டிய தலைக்குப் படிய எண்ணெய் வைத்திருந்தார். சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வெந்நீ ஊத்துனியா? மீன் வாசனைக்கு வெந்நீ ஆவாதும்மா, அப்டியே புட்ச்சிக்கும்" என்றார். சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அட, கேளம்பாக்கத்துல ஒரு கல்யாண ஆர்டர் கீது, மறந்தே பூட்டேன். நீ அம்மாவ இட்டுகினு போ" என்றார்.

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு லீவு சொல்ல போனை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டே போனேன். அந்தக் கல்யாணத்துக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன். கணக்கு மிஸ் என்னைப் புகழ்ந்ததைக் கேட்டு அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வந்தபோது அப்பா மாடியில் இருந்தார். கட்டம்போட்ட சட்டை எலுமிச்சைத் தோலோடு தனி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஐஸ் பெட்டி, நேற்றுக் கழுவிக் கவிழ்த்தபடியே, சுக்காய்க் காய்ந்து கிடந்தது.

"அதுக்குள்ள எல்லா மீனும் வித்துருச்சாப்பா?" என்று கேட்டேன்.

"வித்துருச்சும்மா" என்றார் அப்பா. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.