தமிழ்ப் பகுதியில் கேட்ட அழுகை

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு சின்ன அறையில் நாங்கள் கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சி பதிவு செய்து வந்தோம். முதல் பாதி கன்னடம், மறுபாதி தமிழ். டேப் கப்பலேறிப் போய் வெளிநாட்டு நிலையத்திலிருந்து ஒலிக்க மாதக்கணக்கில் ஆகும். தமிழ் ஜெபம் என் பொறுப்பு.

ஒருநாள் ஜெபத்தின் நடுவே, பக்கத்து அறையிலிருந்த என் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. நான் நிறுத்தவில்லை. முடித்ததும், "அழுகையை மட்டும் வெட்டிடுங்கண்ணா," என்று பதிவு செய்தவரிடம் கெஞ்சினேன்.

"வெட்டினா ஜெபமும் போயிரும்மா," என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

பல மாதம் கழித்து, பக்கத்துத் தளி கிராமத்திலிருந்து ஓர் அம்மா விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். "மகு எல்லி?" என்றார். குழந்தை எங்கே என்று கன்னடத்தில் கேட்கிறார்!

"ரேடியோவுல அந்த அழுகை அழுதுச்சே, ஒருத்தரும் தூக்கலையே, ஏம்மா?" என்று அவர் மொழியில் கேட்டுக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வயிற்றுவலிக்கு உரசிக் கொடுக்க வசம்பு கொண்டுவந்திருந்தார்.

உள்ளேயிருந்து, அன்று அழுத என் மகள் தத்தித் தத்தி நடந்து வந்தாள். அவளை வாரியெடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"ஜெபம் கேட்டீங்களா?" என்றேன், எனக்குத் தெரிந்த கன்னடத்தில்.

"எனக்குத் தமிழ் வராதே," என்றார்.

என் பகுதி முழுவதிலும் அவருக்குப் புரிந்தது, நான் வெட்டச் சொன்ன அந்த அழுகை மட்டும்தான்.