துரைக்குப் படைத்த உப்புக்கஞ்சி

வேங்கிக்கால் ஊரைத் தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் ஆங்கிலேயக் கேப்டன் ஒருவரின் கல்லறை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். எங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு அவரைப் பற்றி எழுதினேன். பதினாறு வயதில் படையில் சேர்ந்தார்; பர்மா போரில் காயம்பட்டார்; பிறகு கேப்டன் ஆனார். பழைய நூல் ஒன்றை நம்பி, இங்கே நடந்த சண்டையில் வீரமரணம் அடைந்தார் என்று முடித்திருந்தேன். பக்கம் மாலையில் அச்சுக்குப் போக வேண்டும். படம் எடுக்க மட்டும் மதியம் அங்கே போனேன்.

அன்று ஆடி வெள்ளி. நிலத்துக்காரம்மா கல்லறைக்குப் பொட்டு வைத்து, ஒரு சொம்பு உப்புக்கஞ்சியைப் படைத்துக்கொண்டிருந்தார்.

"துரைங்களுக்குச் சுருட்டும் சாராயமும்தானே வைப்பாங்க?" என்று கேட்டேன்.

"அது வேற துரைங்களுக்கு. இவரு வாந்திபேதில போனவருங்க. சாராயம் வெச்சா வயிறு தாங்குமா?"

"சண்டையில செத்தார்னு எழுதிட்டேனேம்மா."

"எழுதறதுக்கு முன்னாடி இல்ல வந்திருக்கணும்?"

கல்லறையோடு அவரையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு, நேராக நகரத்திலிருக்கும் பழைய தேவாலயத்துக்குப் போய் அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். காலரா என்றே எழுதியிருந்தது. உடனே அலுவலகத்துக்கு போன் செய்தேன். "வீரமரணம் நல்லா இருந்துச்சே சார்" என்று அலுத்துக்கொண்டே துணை ஆசிரியர் கடைசிப் பத்தியை மாற்றினார்.

என் பெயரில் ஒரு பொய் அச்சேறாமல் காத்தவர் அந்த அம்மா. ஞாயிறு காலை நாளிதழைக் கொண்டுபோய்க் கொடுத்து நன்றி சொன்னேன். முழுவதும் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"துரை கல்லறை நல்லா விழுந்திருக்கு. நான்தான் கண்ணை மூடிக்கிட்டிருக்கேன்" என்றார்.