கூரையில் ஒரு விரிசல்

அந்த அம்மாள் முதல் தடவை வீட்டைப் பார்க்க வந்த அன்று சம்பங்கி செய்த ஒரே தப்பு, வீட்டைச் சுத்தமாக வைத்திருந்ததுதான்.

பாகலூரின் கடைசித் தெருவில் ஒற்றை அறை வீடு. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன கணவன் நாராயணப்பன் கட்டிலோடு கிடந்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவித்தான் சம்பங்கி குடும்பத்தை ஓட்டினாள். 2005இல் மகள் பிரவீனாவுக்கு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டும் டிரஸ்ட் ஒன்று பெங்களூரில் இருப்பதாகச் சொன்னார்கள். எழுதிப் போட்டதும், விசாரிக்க சரோஜம்மாள் என்பவர் காரில் வந்தார்.

வருகிறவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா? தரையை மெழுகி, குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, பக்கத்து வீட்டுக் காவேரியிடம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள் சம்பங்கி. டீயும் பிஸ்கட்டும் வைத்தாள்.

சரோஜம்மாள் சுற்றிலும் பார்த்தார். டீயைத் தொடவில்லை.

“நல்லாத்தானே இருக்கீங்க? சோத்துக்கே இல்லாதவங்க எத்தனையோ பேர் காத்துட்டிருக்காங்கம்மா.”

கார் போன பிறகு காவேரி தலையில் அடித்துக்கொண்டாள். “பைத்தியமே, பட்டு கட்டிட்டு நின்னா எவ குடுப்பா? இல்லாதவ மாதிரி நிக்கணும்டி.”

“இல்லாதவதானே நானு?”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியணுமில்ல?”

சம்பங்கி பெங்களூருக்கே போய், ஆபீஸ் வாசலில் பகல் முழுக்க நின்று கெஞ்சினாள். சரோஜம்மாள் மறுபடி வந்தபோது குடம் காவேரி வீட்டில் இருந்தது. சம்பங்கி கிழிந்த புடவையில், எண்ணெய் வைக்காத தலையோடு நின்றாள். அழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தானாகவே அழுகை வந்தது. சரோஜம்மாள் அவள் தோளைத் தொட்டார். கூட வந்தவர் போட்டோ எடுத்தார்.

ஃபீஸ் கட்டப்பட்டது. “வருஷா வருஷம் சொல்லாம வந்து பாப்போம். நிலைமை மாறியிருந்தா நிறுத்திடுவோம்” என்றார்கள்.

அந்தப் போட்டோ டிரஸ்டின் நோட்டீஸில் அச்சாகி எப்படியோ கேன்டீனுக்கும் வந்து சேர்ந்தது. அதுவரை அவளை “அக்கா” என்று கூப்பிட்ட சூப்பர்வைசர் ராஜேஷ்குமார், மிஞ்சின சோற்றை எல்லார் முன்னாலும் கவரில் கட்டிக் கொடுத்தான். “எடுத்துட்டு போம்மா, வெக்கப்படாத.” அடுத்த வாரம் ஸ்டோரில் எண்ணெய் பாக்கெட் குறைந்தபோது அவள் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. “கஷ்டப்படறவ, கேட்டுத்தானே ஆகணும்” என்றான், நியாயம் சொல்கிற குரலில்.

மறு வருஷம் ஆடியில் காற்றடித்து, நாராயணப்பனின் கட்டிலுக்கு நேர் மேலே சிமெண்ட் ஷீட் விரிசல் விட்டது. தேன்கனிக்கோட்டையிலிருந்து தம்பி மாதவன் புது ஷீட் இரண்டை டெம்போவில் கொண்டுவந்து இறக்கி, ஏணியும் சாத்திவிட்டான்.

“வேணாம்டா. அவங்க வந்து பாத்துட்டுப் போயிடட்டும்.”

“அதுக்காக மாமா நனையணுமாக்கா?”

“புது ஷீட்டப் பாத்தா வசதி வந்துடுச்சுன்னு எழுதிடுவாங்கடா.”

பிரவீனா புத்தகத்தை மூடினாள். “நாம நெசமாவே ஏழைதானேம்மா? அப்புறம் எதுக்கு நடிக்கணும்?”

சம்பங்கி ஏணியை எடுத்துத் தரையில் சாய்த்தாள். நாராயணப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மாதவன் ஷீட்டுகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்த் தன் மாட்டுக்கொட்டகைக்குப் போட்டுவிட்டான்.

புரட்டாசி முழுக்க மழை. கட்டிலை இழுத்துப் போட அந்த அறையில் வேறு இடமில்லை. தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் சம்பங்கி தலையைக் கலைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். யாரும் வரவில்லை. நாராயணப்பனுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமல் நிற்கவே இல்லை.

ஐப்பசியில் கடிதம் வந்தது. பிரவீனா படித்துக் காட்டினாள். வேலை மிகுதியால் இந்த ஆண்டு நேரில் வர இயலவில்லை. கட்டணம் கல்லூரிக்குச் செலுத்தப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு எந்த நாளிலும் வரக்கூடும்.

“மாதவனக் கூப்பிடட்டுமா? வேற ஷீட் கெடைக்குமான்னு கேக்கலாம்” என்றான் நாராயணப்பன், இருமலுக்கு நடுவில்.

சம்பங்கி கடிதத்தை வாங்கி மடித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“இன்னும் ஒரு வருஷந்தான்” என்றாள்.